திக்காத குரல்

ஆகஸ்ட் 18, 2025, திங்கள்

இன்று நண்டு உடைக்கிற கம்பெனிக்கு வரத்துக் குறைவு. மத்தியானத்துக்கு முன்பே கையைக் கழுவிவிட்டு, எல்லாரும் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தோம். எவ்வளவு எலுமிச்சம்பழம் தேய்த்தாலும் விரலிலிருந்து நண்டு வாடை போவதில்லை. மகளின் கல்யாணத்துக்குள் போனால் சரி.

வீட்டுக்கு வந்தால் வாசலில் சண்முகவள்ளி. கீர்த்தனிக்கு மாமியாராக வரப்போகிறவர். ஆர்.எஸ்.மங்கலத்திலிருந்து பஸ் மாறி மாறி இந்த மண்டபம் அகதி முகாமுக்கு ஒருத்தி சும்மா வரமாட்டாள். தேத்தண்ணீர் முடியும்வரை கண்மாய் காய்ந்து கிடப்பதைப் பற்றிப் பேசினார். பிறகு மெதுவாக ஆரம்பித்தார்.

"ஒண்ணு கேப்பேன், மனசுல வச்சுக்கிறாதீக மதினி. ஆரத்தி எடுக்கையில நீங்களும் நிப்பீகன்னு கீர்த்தனி சொல்லுச்சு. எங்க பக்கத்துப் பொம்பளைக ஏதாச்சும் பேசுவாளுகளேன்னு…"

நான் என் பொட்டைத் தொட்டுக் காட்டினேன். "அவர் செத்துப்போனார் எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

பாவம். எனக்கே யாரும் சொல்லவில்லையே, அவருக்கு யார் சொல்வது? 2006இல் மன்னார்ப் பேசாலைக் கரையில் என்னையும் இரண்டு வயதுக் கீர்த்தனியையும் படகில் ஏற்றிவிட்டு, "அம்மாவைத் தனிய விட ஏலாது, பிறகு வாறன்" என்று கிளிநொச்சிக்குத் திரும்பிப் போனவர் யோகராசா. இரண்டு வருடம் கழித்து, பிள்ளை நித்திரையான பிறகு ஒரே ஒரு போன். பிறகு வன்னியில் சண்டை. பிறகு ஒன்றுமே இல்லை. செத்ததைக் கண்டவர் என்று ஒரு ஆள் இல்லை. அதனால் பொட்டு வைக்கிறேன். முகாமில் முதலில் கேட்டார்கள், பிறகு முதுகுக்குப் பின்னால் கதைத்தார்கள், பிறகு அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

சண்முகவள்ளி எழும்பும்போது என் கையைப் பிடித்தார். "நீங்களே எடுங்க மதினி. நான் பக்கத்துல நிக்கிறேன். எவ பேசுறான்னு பாப்போம்."

நல்ல மனுசி. பிள்ளை நல்ல இடத்துக்குத்தான் போகிறாள்.

ஆகஸ்ட் 25

கீர்த்தனி அப்பாவின் போட்டோவை வாங்கிக்கொண்டு போனாள். இருப்பதே அந்த ஒன்றுதான், கிளிநொச்சி ஸ்டூடியோவில் எடுத்தது. எதற்கு என்று கேட்டால் சிரிக்கிறாள். பேனரில் போடுவார்களாயிருக்கும்.

ஆகஸ்ட் 30, சனி

நேற்று முன்தினம் கல்யாணம் முடிந்தது. இரண்டு நாளாக எழுதக் கை வரவில்லை.

தாலி கட்டும்வரை எல்லாம் ஒழுங்கு. மாப்பிள்ளை கார்மேகம் பட்டு வேட்டியில் வியர்த்துக்கொண்டு நின்றான். என் பிள்ளை தலையைக் குனிந்தபடி இருந்தாள். நான் ஆரத்தித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு மேடையோரம் நின்றேன். அப்போது கல்யாண மண்டபத்து விளக்கை அணைத்தார்கள். கரண்ட் போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

பெரிய திரையில் மேகம். மேகத்துக்குள் ஒரு படிக்கட்டு. அதில் இறங்கி வருகிறார் யோகராசா.

வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கழுத்தில் மாலை. அந்த ஸ்டூடியோப் போட்டோவின் முகமேதான். கண் சிமிட்டுகிறது, உதடு அசைகிறது. "கீர்த்தனி, என் தங்கமே! அப்பா உன்னை விட்டு எங்கேயும் போகவில்லை. மேலிருந்து உன்னைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். நீ நீடூழி வாழ வேண்டும்." தடங்கல் இல்லாமல், ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் மாதிரி. பின்னால் புல்லாங்குழல்.

சபை முழுக்க அழுகிறது. கீர்த்தனி மேடையிலிருந்து இறங்கி ஓடித் திரையைத் தொட்டாள். எனக்கு அழுகை வரவில்லை. தட்டைச் சாய்க்காமல் பிடித்துக்கொண்டு நின்றேன்.

விளக்குப் போட்டதும் சண்முகவள்ளி கண்ணைத் துடைத்தபடி வந்து, என் கையிலிருந்த ஆரத்தித் தட்டை வாங்கித் தன் தங்கச்சியிடம் கொடுத்தார். "நீங்க செத்த உக்காருங்க மதினி." கோபமாகச் சொல்லவில்லை. அவ்வளவு அன்பாகச் சொன்னார். ஆயிரம் பேர் பார்க்க ஒருவர் மேகத்திலிருந்து இறங்கி வந்தபிறகு, அவர் சாகவில்லை என்று நான் யாரிடம் வாதாடுவது?

உட்கார்ந்தேன்.

செப்டம்பர் 2

கம்பெனிக்குப் போனேன். யாரும் கல்யாணச் சாப்பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை. ஒவ்வொருத்தியாக வந்து தோளைத் தொடுகிறாள். முருகம்மாள் சொல்கிறாள், "இனிமேயாச்சும் மனசைத் தேத்திக்க அக்கா." என்னத்தைத் தேற்ற? யார் செத்தது?

செப்டம்பர் 4

போட்டோவை வைத்து AIயில் அந்த வீடியோவைச் செய்தவன் கார்மேகத்தின் சிநேகிதன் இமானுவேல். தங்கச்சிமடத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறான். கல்யாணப் பரிசாகச் செய்தானாம். நெட்டிலும் போட்டுவிட்டான், மூன்று லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள், "ஆழ்ந்த இரங்கல்", "அப்பா ஆன்மா சாந்தி அடையட்டும்". முன்பின் தெரியாத மூன்று லட்சம் பேர் சேர்ந்து என் புருஷனைத் தூக்கிக்கொண்டு போய் எரித்துவிட்டார்கள்.

போன் போட்டேன். திட்டத்தான் போட்டேன்.

"அம்மா, தப்பா எடுத்துக்கிறாதீங்க. எல்லாரும் எப்படி அழுதாங்க பாத்தீங்கள்ல?"

"மாலை ஏன் போட்டாய்? மேகம் ஏன்? அவர் செத்தார் எண்டு உனக்கு ஆர் சொன்னது?"

உண்மையான வருத்தத்தோடு சொன்னான். "ஃபாரின்ல இருக்கிற அப்பாவுக்கு ஒரு டெம்ப்ளேட் இருக்கும்மா, ஏர்போர்ட்லருந்து வர்ற மாதிரி. இறந்த அப்பாவுக்கு இது. காணாமப் போனவங்களுக்குன்னு தனியா ஒண்ணும் இல்லம்மா."

அதற்கு மேல் அவனை என்ன திட்டுவது? அரசாங்கத்திடமே இல்லாததை அந்தப் பெடியன் எங்கிருந்து கொண்டுவருவான்?

செப்டம்பர் 9

போனுக்கும் என்னைப் பற்றி ஒரு முடிவு வந்துவிட்டது. சமையல் பார்க்கத் திறந்தால் பிதிர் தோஷம் நீங்க வழி. பாட்டுக் கேட்கத் திறந்தால் ராமேஸ்வரத்தில் தர்ப்பணம், தங்கும் அறையோடு. பஸ் ஏறினால் முக்கால் மணித்தியாலத்தில் போகிற இடத்துக்கு எனக்கு அறை பிடித்துத் தரப் பார்க்கிறது!

செப்டம்பர் 14, ஞாயிறு

கீர்த்தனி போனில் கதைத்தாள். புது வீடு பிடித்திருக்கிறதாம். மாமி காலையில் எழுப்புவதில்லையாம். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், "அம்மா, நான் ஒவ்வொரு நாளும் விடிய எழும்பி அந்த வீடியோவை ஒருக்காப் பாக்கிறனான். அப்பா எவ்வளவு வடிவாக் கதைக்கிறார், என்ன?"

"ஓம்" என்றேன். வேறு என்ன சொல்வது?

இதை நான் எங்கேயாவது எழுதத்தான் வேண்டும். யோகராசாவுக்கு வடிவாகக் கதைக்க வராது. திக்கும். சின்ன வயதிலிருந்தே. 'க' வந்தால் தொண்டையில் மாட்டிக்கொள்ளும். கடையில் கற்கண்டு வேண்டும் என்றால் கையைத்தான் காட்டுவார். என் பெயர் குணபூஷணி. கல்யாணமான புதிதில் என்னைக் கூப்பிட வேண்டியிருந்தால் எழும்பி என் பக்கத்தில் வந்து நிற்பார்.

கீர்த்தனி பேச்சுப் பழகுகிற வயதில் அவர் பிள்ளைக்கு முன்னால் வாயே திறக்கவில்லை. தன்னைப் பார்த்து அவளுக்கும் திக்கு ஒட்டிவிடும் என்று பயம். யாரோ அப்படிச் சொல்லிவிட்டார்கள். தூக்கி வைத்துக்கொள்வார், தோளில் போட்டு முற்றம் முழுக்க நடப்பார், உதட்டைக் குவித்துச் சீக்காய் அடிப்பார். கதைக்க மாட்டார். "அவள் நல்லாக் கதைக்கத் தொடங்கட்டும், பிறகு நான் கதைக்கிறன்" என்பார், அவள் நித்திரையான பிறகு. அவள் நன்றாகக் கதைக்கத் தொடங்கிய நேரம் நாங்கள் படகில் இருந்தோம்.

என் பிள்ளை தன் தகப்பன் பேசி ஒரு சொல்லும் கேட்டதில்லை. "அப்பா அதிகம் கதைக்க மாட்டார்" என்று மட்டும் சொல்லி வளர்த்தேன். இப்போது ஒருவர் மேகத்திலிருந்து வந்து அவள் பெயரை ஒரே மூச்சில் சொல்கிறார். அவளுக்கு அதுதான் அப்பா. அதை எப்படி நான் பிடுங்குவேன்?

செப்டம்பர் 21

மகாளய அமாவாசை. விடியவே பாம்பன் பக்கம் வண்டி வண்டியாகப் போகிறது. எல்லாருக்கும் எள்ளும் தண்ணீரும் விட ஒருத்தர் இருக்கிறார்.

வவுனியாவிலிருந்து தில்லையம்பலம் அத்தான் போன் எடுத்தார். இவருடைய சொந்தத் தமையன். அவருக்கும் வீடியோ போய்ச் சேர்ந்துவிட்டது.

"பாத்தன் பிள்ளை. தம்பி எவ்வளவு வடிவாக் கதைக்கிறான். அழுதுபோட்டன். இனியாவது அவனுக்குச் செய்யவேண்டியதைச் செய்வம்."

"அத்தான், அவருக்குத் திக்குமல்லோ?"

அந்தப் பக்கம் யாரோ பாத்திரம் கழுவுவது கேட்டது.

"ஓம்… ஓம் என்ன. நான் மறந்தே போனன்."

ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர். தம்பியின் திக்கைக் கேலி செய்தவர்களோடு அடிபட்டவர். அவரே மறந்துவிட்டார். அப்படியென்றால் இந்த உலகத்தில் அது தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். எவ்வளவோ நாள் தனியாக இருந்திருக்கிறேன், இவ்வளவு தனியாக ஒருநாளும் இருந்ததில்லை.

அக்டோபர் 3

ஐயோ, என்ன நடக்குது எனக்கு?

நண்டு உடைத்துக்கொண்டிருந்தபோது சும்மா அவர் குரலை நினைத்துப் பார்த்தேன். எப்போதும் செய்கிறதுதான். வேலை அலுத்தால் அவர் "கு… கு… குணம்" என்று கூப்பிடுவதை மனதுக்குள் ஒருக்காக் கேட்பேன். இன்று கேட்டால் "குணம்" என்று நேராக வருது! அந்த வீடியோக் குரல். புல்லாங்குழலோட. திருப்பித் திருப்பி நினைச்சுப் பாத்தன், அதேதான் வருது. இவரைக் காணேல்லை. எங்க போனார்? பதினேழு வருசமா ஒரு ரெக்கார்டிங் இல்லாம, ஒரு துண்டுக் கடதாசி இல்லாம, இந்தத் தலைக்குள்ள மட்டும் வச்சிருந்தன். அதையும் எடுத்துப்போட்டாங்களே.

கத்தி கையில் பட்டுவிட்டது. முருகம்மாள் துணி கட்டிவிட்டாள்.

அக்டோபர் 4

இன்றும் வரவில்லை.

அக்டோபர் 21, செவ்வாய்

நேற்றுத் தலைதீபாவளி. கீர்த்தனியும் கார்மேகமும் வந்திருந்தார்கள். இந்தப் பத்தடி அறையில் மாப்பிள்ளையை எங்கே உட்காரவைப்பது என்று பயந்தேன். அவன் கட்டிலில் சப்பணம் போட்டுக்கொண்டு, "அத்தை, முறுக்கு எங்க?" என்று கேட்டு அந்தப் பயத்தைத் தீர்த்துவிட்டான்.

சாப்பிட முன்னம் கீர்த்தனி போனைச் சுவரில் சாய்த்துவைத்து வீடியோவைப் போட்டாள். அப்பாவிடம் ஆசீர்வாதம் வாங்க வேண்டுமாம். இரண்டு பேரும் கும்பிட்டார்கள். அவள் உதடு அந்தக் குரலோடு சேர்ந்து அசைகிறது. முழுக்க மனப்பாடம்.

சொல்லிவிடலாம் என்று வாய் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். பொய்யான அப்பாவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதை வைப்பேன்? எனக்கே அவர் குரல் தொலைந்துபோய்க் கிடக்கிறதே. பஸ் ஏற்றிவிட்டு வந்து, மிச்ச முறுக்கை டப்பாவில் போட்டேன்.

நவம்பர் 17

நாலு நாளாக மழை. கடலுக்கு யாரும் போகவில்லை, கம்பெனியும் இல்லை.

காதால் கிடைக்காததை வாயால் தேடிப் பார்த்தால் என்ன என்று இன்று ஒரு யோசனை. கதவைச் சாத்திவிட்டு, பைத்தியக்காரி மாதிரி நானே திக்கிப் பார்த்தேன். முதலில் கேலி செய்வது மாதிரித்தான் இருந்தது. எனக்கே என்மேல் கோபம் வந்தது. பிறகு அவர் முகத்தை நினைத்தேன். சொல் மாட்டினால் இடக்கண் சுருங்கும். நாடி கொஞ்சம் மேலே எழும்பும். வலக்கை தொடையில் தட்டும். அதையெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்தேன்.

பக்கத்து வீட்டுப் பிச்சையம்மாள் கதவைத் தட்டி, "என்ன, தொண்டையில முள்ளுக் கிள்ளு குத்திருச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

நவம்பர் 19

வந்துவிட்டது.

கையைத் தொடையில் தட்டிக்கொண்டு "கு… கு…" என்று நிற்கும்போது, மூன்றாவது 'கு'வுக்கு முன்னால் ஒரு சின்ன மூச்சு எடுப்பார். அதை மறந்திருந்தேன். அந்த மூச்சு வந்ததும் மற்றதெல்லாம் பின்னால் வந்தது. குரலே வந்தது. அவரேதான். அடுப்படியில் இருந்து வாய்விட்டு அழுதேன். மழை பெய்ததால் யாருக்கும் கேட்டிருக்காது.

டிசம்பர் 14, ஞாயிறு

கீர்த்தனி ஒரு புது ஆப் கண்டுபிடித்திருக்கிறாள். வீடியோவைக் கொடுத்தால் அந்த ஆள் திரும்பக் கதைக்குமாம்.

"அம்மா, இப்ப அப்பாவோட நாங்களே கதைக்கலாம்! நான் பிறந்த அண்டைக்கு என்ன சொன்னீங்கள் எண்டு கேட்டன். 'உன்னைக் கையில் வாங்கியதும் கீர்த்தனி என்று கூப்பிட்டேன். நீ கண்ணைத் திறந்து பார்த்தாய்' எண்டார்."

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "அது உண்மையோ அம்மா?"

அடி என் பிள்ளை. இவ்வளவு நாள் நம்பியவளுக்கு எங்கேயோ நெருடியிருக்கிறது. "நேரில வாறன், வந்து சொல்லுறன்" என்றேன்.

டிசம்பர் 15

இனியும் மறைத்தால், அந்த ஆப் நாளைக்கு வேறொன்று சொல்லும், நாளன்றைக்கு இன்னொன்று. கேட்கக் கேட்கச் சொல்லிக்கொண்டே இருக்கும். அதற்கு என்ன, வாயா வலிக்கப்போகிறது? அவருக்கு ஒவ்வொரு சொல்லுக்கும் வலித்தது.

போகத்தான் வேண்டும். பயமாக இருக்கிறது.

ஜனவரி 11, 2026, ஞாயிறு

ஆர்.எஸ்.மங்கலம் போய் வந்தேன். ரோட்டின் இரண்டு பக்கமும் நெல் கதிர் சாய்ந்து நிற்கிறது. சண்முகவள்ளி மீன் வாங்கி வைத்திருந்தார். சாப்பிட்டால் தைரியம் போய்விடும் என்று, சாப்பிட முன்னமே கீர்த்தனியைப் பக்கத்தில் இருத்திச் சொன்னேன்.

கிளிநொச்சி ஆஸ்பத்திரி, அவள் பிறந்த அன்று. பதிகிறதற்காக நர்ஸ் மிஸ் வந்து பெயர் என்ன என்று கேட்டா. கீர்த்தனி என்பது அவர் தேடி வைத்த பெயர். உங்களுக்கு வராத எழுத்தில் ஏன் வைக்கிறீர்கள் என்று நான் முதலே கேட்டிருக்கிறேன், "சொல்லிச் சொல்லிப் பழகுவன்" என்றார். மிஸ் பேனையோடு நிற்கிறா. இவருக்கு வருகுதில்லை. கண் சுருங்குது, கை தொடையில் தட்டுது. மிஸ் பொறுமை இழந்து அடுத்த கட்டிலைப் பார்க்கத் தொடங்கிவிட்டா. நான் சொல்லப்போனேன். கையைக் காட்டி என்னை மறித்தார். முகமெல்லாம் வியர்த்து, கடைசியில் தானே சொன்னார்.

"அப்பாவுக்குத் திக்குமோ?" என்றாள் கீர்த்தனி.

ஓம் என்றேன். பிள்ளைக்கு ஒட்டிவிடும் என்று அவர் வாயை மூடிக்கொண்டு திரிந்ததையும் சொன்னேன். பிறகு அவர் அன்றைக்குப் பெயரைச் சொன்ன மாதிரி அப்படியே சொல்லிக் காட்டினேன். கண், நாடி, கை, மூச்சு எல்லாம். "கீ… கீ… கீர்த்தனி."

அடுப்படிக்குள் சண்முகவள்ளி கரண்டியை அசைக்காமல் நின்றார்.

அவள் என்னைக் கட்டிக்கொள்வாள் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் அப்படித்தானே நடக்கும் என்று ஒரு எண்ணம். அவள் எழும்பிவிட்டாள். "ஒரு சொல்லுக்கூட என்னோட கதைக்கேல்லை, என்ன? இவ்வளவு காலமும் நீங்கள் அதை எனக்குச் சொல்லேல்லை. அந்த வீடியோவைப் பாத்து நான் ஒவ்வொரு நாளும் கும்பிட்டனான், நீங்கள் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்." அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

சண்முகவள்ளி பஸ் நிலையம்வரை கூடவே நடந்து வந்தார். பஸ் வந்ததும், "அன்னைக்கு ஒங்க கையிலருந்து தட்டை வாங்கிருக்கக் கூடாது மதினி" என்றார்.

ஜனவரி 15

பொங்கல். போன் வரவில்லை. நானும் எடுக்கவில்லை. அரிசி கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது.

ஜனவரி 18

தை அமாவாசை. எல்லா வண்டியும் ராமேஸ்வரம் போகிறது. நான் கம்பெனிக்குப் போனேன்.

இருந்த ஒன்றையும் கெடுத்துக்கொண்டேனோ? வீடியோவாவது அவளுக்கு இருந்தது. நானாவது அவளுக்கு இருந்தேன்.

ஜனவரி 23, வெள்ளி

விடிய, தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது கீர்த்தனி போன் எடுத்தாள். சுகமா, சாப்பிட்டீங்களா ஒன்றும் இல்லை.

"அம்மா, அண்டைக்கு நீங்கள் சொன்னதை இன்னொருக்காச் சொல்லுங்கோ."

குடத்தை இறக்கி வைத்துவிட்டுச் சொன்னேன். குழாயடியில் நின்ற சனம் எல்லாம் பார்த்தது, பார்க்கட்டும்.

அவள் தானே சொல்லிப் பார்த்தாள். "கீ… கீ… கீர்த்தனி. இப்பிடியோ?"

"இல்லை. மூண்டாவதுக்கு முன்னால ஒரு மூச்சு எடுப்பார்."

திரும்பச் சொன்னாள். அவசரப்பட்டுவிட்டாள். "அவசரப்படாதை, அது வரும்வரைக்கும் நில்" என்றேன். நின்றாள். நானும் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு அந்த மூச்சு கேட்டது, அதற்குப் பின்னால் பெயர் வந்தது. சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன், எனக்குச் சத்தம் வரவில்லை.